மகள் பேரில் அரைக் கிணறு

காலையில் நான் கிணற்றுக்குள் வாளியை விடும்போது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வாளியும் இறங்கும். இரண்டும் அடியில் போய் முட்டிக்கொள்ளும். பிறகு முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிடும்.

"நானா, எப்ப போறியள்?"

புத்தளத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்தின் பழைய பகுதியில், எங்கள் ஆட்கள் முன்பு இருந்த தெருக்களுக்கு நடுவே ஒரு குறுகிய ஒழுங்கையில், நான் வாங்கிய வீட்டில் கிணறு பாதிதான் உண்டு. கிணற்று வாயின் குறுக்கே ஒரு கொங்கிறீற் உத்தரத்தைப் போட்டு, அதன் மேல் மதிலைக் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் அரை வட்டம். ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு. அடியில் தண்ணீரைப் பிரிக்க முடியாததால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒருவர் மோட்டர் பூட்டினால் மற்றவருக்கு வற்றிப்போகும் என்பதால் இருவரும் பூட்டக்கூடாது என்று வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் நானும் மறுபக்கத்து பிலோமினா அக்காவும் கையால்தான் அள்ளுகிறோம்.

"எப்ப போறியள்" என்ற கேள்விக்கு முதல் மூன்று வருடமும் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. பொதுவாக, "போவோம் அக்கா" என்பேன். அவர் "ஆ" என்பார். பிறகு அவருடைய வாளி மேலே போய்விடும்.

எனக்கு அதிகம் பேச வராது. இது தெரிந்தும் அல்லாஹ் எனக்குக் கொடுத்த தொழில் தெருத் தெருவாகக் கூவிப் பழைய இரும்பு சேர்ப்பது. அதற்கும் ஒரு வழி கிடைத்தது. புத்தளத்தில் இருக்கும் என் மச்சானின் குரலைப் பதிவு செய்து, மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு சிறிய ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன். "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், உடைஞ்ச பிளாஸ்டிக் கதிரை" என்று அவர் கூவிக்கொண்டே போவார். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன். சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா என்னை மறித்து, ஒரு துருப்பிடித்த மண்வெட்டியைத் தந்துவிட்டு, "கூப்பிடேக்கை பெரிய மனிசன் மாதிரி இருந்தது, கதைக்கேக்கை ஒண்டையும் காணேல்லையே" என்றார். நான் மண்வெட்டியைத் தராசில் நிறுத்தேன்.

உண்மையில் எனக்கு ஒலிபெருக்கி பிடிக்காது. தொண்ணூறாம் ஆண்டு எங்களை ஒரு இடத்தில் வந்து கூடச் சொன்னது ஒலிபெருக்கியில்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு வாடகை வீடு, அதன் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்புச் சவர். அதனால் காலையும் மாலையும் அடுத்த ஒழுங்கையில் இருந்த நகைக்கடைக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வருவது என் வேலை. அன்றைக்கும் அங்கேதான் நின்றேன். சனம் தெருவில் ஓடத் தொடங்கியதும் வாளியையும் கயிற்றையும் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். முஸ்லிம்கள் எல்லாரும் சில மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்த இயக்கக்காரர் சொன்னார்கள். போனோம். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த உம்மா, வழி முழுவதும் என்னை அந்த அலுமினிய வாளிக்காகத்தான் ஏசிக்கொண்டு வந்தார். "கையில வச்சிருந்த வாளியை எவனாவது வச்சிட்டு வருவானா?" மற்றச் சாமான்களுக்காக யாரை ஏசுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

புத்தளத்தில் எங்களுக்குப் பெயர் அகதி. ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும் அதே பெயர், கல் வீடு கட்டிக் கரண்ட் எடுத்த பிறகும் அதே பெயர். பாடசாலையில் அகதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதி. நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் அந்தப் பகுதியில்தான் படித்தேன். திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்து நான் யாழ்ப்பாணம் போனபோது, இங்கே எனக்குப் பெயர் புத்தளத்து நானா. ஒரு இடத்தில் பெயரை மாற்றுவதற்கு எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

முதலில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து இருந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை புத்தளம் போய் மனைவியையும் மகள் ஹஸ்னாவையும் பார்த்துவிட்டு வருவேன். மனைவியும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். ஆனால் வெளிக்கிடும்போது அவருக்கு ஆறு வயது. வா என்று கூப்பிட்டால், "அந்த ஊரில எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒரு ஆட்டுக்குட்டிதான். அது இப்ப இருக்காது" என்பார். 

அப்படியிருக்கும்போதுதான் நகைக்கடைக்காரருடைய பழைய வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். முழு வீடு அல்ல, பாதி. எங்களைப்போலவே வெளிக்கிட்ட நகைக்கடைக்காரர் புத்தளத்தில் இருந்துகொண்டே அந்த வீட்டைக் குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்கு விற்றிருந்தார். வாங்கியவர் பிலோமினா அக்காவின் கணவர், இப்போது இல்லை. அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் சீதனம் கொடுக்க வேண்டும் என்று வளவை நடுவே பிரித்து, வீட்டை நடுவே பிரித்து, கடைசியில் கிணற்றுக்கு வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவாக் குடுக்கவேணும் எண்டு அவர் நிண்டார். கிணத்தை வெட்டிப் பிரிக்க ஏலாதுதானே. அதாலை மேலாலை மதிலைக் கட்டினது" என்று பிலோமினா அக்கா எனக்குக் காட்டினார். பிறகு எப்படி அள்ளுவது என்றும் சொல்லித் தந்தார். "மெதுவா விடுங்கோ நானா. இது யாழ்ப்பாணத்துக் கிணறு. உங்கடை பக்கத்திலை உப்பிடி இல்லைத்தானே. கயித்தை ஒரேயடியா விட்டால் வாளி கல்லிலை அடிபடும்."

அந்தக் கல் எந்தப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை முழத்தில் என்றும் தெரியும். நான் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு மெதுவாக விட்டேன். அந்த நேரத்தில் சொல்லாதது, பிறகு சொல்வதற்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

உறுதி எழுத நொத்தாரிசின் கந்தோருக்குப் போன நாளில் நான் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு போனேன். வீடு நோர்வேயில் இருக்கும் மூத்த மகளின் பெயரில் இருந்தது. தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கச் சொல்லி அவர் அனுப்பிய அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு அக்கா வந்திருந்தார்.

"வீட்டை மகளுக்கு எழுதினம். அவள் நோர்வேக்குப் போட்டாள். வீடு நிக்குது" என்று அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "சின்னவளும் கனடாவிலைதான். நான் ரெண்டு பேற்றை வீட்டையும் காவல் காத்தனான். இனிக் காவல் காக்க ஒண்டு காணும்."

நொத்தாரிசு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஆற்றை பேரிலை எழுதுறது?"

நான் யோசிக்கவில்லை. "மகள்ட பேரில" என்றேன்.

வாசிக்கிறவர்களில் எங்கள் ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆண் வீடு வாங்கினால் அது பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நானும் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குத்தான் போனேன், என் வாப்பாவும் அப்படித்தான். என் வயதில் என்னைப்போன்ற ஒரு ஆளின் பெயரில் வீடு இருந்தால், ஊர் அவனுக்குப் பெண் பிள்ளை இல்லை என்றுதான் நினைக்கும். ஹஸ்னாவின் அடையாள அட்டையின் பிரதி ஒன்று, அவள் பரீட்சை எழுதிய காலத்திலிருந்து என் பேர்சில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். நொத்தாரிசு எழுதினார். அக்காவும் நானும் ஒரே ஒழுங்கைக்குத் திரும்பி வந்தோம், ஆளுக்கொரு கேற்றால் உள்ளே போனோம்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டுமென்றால், பெண் அந்த வீட்டில் இருக்க வேண்டும். இது எனக்கு ஒழுங்கைக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

புத்தளம் போய், நான் வாளியை விட்டுவிட்டு வந்த நகைக்கடைக்காரர் வீடு என்று சொல்லி, உறுதியை மேசையில் வைத்தேன். ஹஸ்னா அதைத் தன் பெயர் வரும் இடம் வரைக்கும் வாசித்தாள்.

"வாப்பா, என்னிட்டக் கேட்டீங்களா?"

"உம்மாட வீட்டை எழுதக்குள்ளயும் உம்மாட்ட யாரும் கேட்கல."

"என்னிட்டக் கேட்டிருந்தா நான் ரோட்டுக்கரையில கேட்டிருப்பேன்" என்றார் மனைவி, தையல் மெசினை நிறுத்தாமல்.

ஹஸ்னா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். "இதென்ன, கிணறு பாதின்னு போட்டிருக்கு?"

"பாதிதான்."

"மற்றப் பாதி?"

"மற்ற ஆளுட மகளுக்கு."

அவள் உறுதியை மடித்து அலுமாரியில் வைத்தாள். அதைப் பற்றி இரண்டு வருடம் யாரும் பேசவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் அவளுடைய வீட்டில் இருந்தேன், அவள் புத்தளத்தில் தன் உம்மாவின் வீட்டில் இருந்தாள். கூரை ஓட்டைப் பிரித்துப் புதுச் சிலாகைச் சட்டங்கள் போட்டேன். வீடு பழையது என்றால் சாதாரணப் பழையது அல்ல. சுவர் கடலில் எடுக்கும் முருகைக்கல், ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஒரு நாள் வெள்ளைக்காரர்கள் சிலர் ஒழுங்கைக்குள் வந்து என் சுவரைப் படம் எடுத்தார்கள். கூட்டி வந்தவர் அவர்களுக்கு நிறைய விளக்கம் சொன்னார். கொடியில் நான் உடுக்கும் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கட்டுமா என்று கையால் கேட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் வேண்டாம், இருக்கட்டும் என்று கையால் சொன்னார். இப்போது எந்தெந்த நாட்டில் என் சாரம் இருக்கிறதோ தெரியாது. என்னைவிடக் கூடுதலாக அது ஊர் பார்த்திருக்கும்.

போன வருடம் ஹஸ்னாவுக்கு ஒரு இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை புத்தளத்தில் உப்பு லொறி ஓட்டுகிறார், நல்ல பிள்ளை. அவருடைய உம்மா எங்கள் வீட்டுக்கு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு, "பிள்ளைக்கு வீடு இருக்காம். நல்லம். எந்தப் பக்கம்?" என்றார்.

"யாழ்ப்பாணத்தில" என்றேன்.

அவர் கரண்டியை வைத்தார். "யாழ்ப்பாணத்திலயா? அங்க எங்கட மகன் என்ன செய்யிற?"

 "கிணறு இருக்கு" என்றேன்.

"கிணறு இருக்கா?"

"பாதி."

மனைவி என்னைத் தேத்தண்ணி பார்க்க அனுப்பிவிட்டார். நான் குசினிக்குள் நின்று முடிவைக் கேட்டேன். யாழ்ப்பாணத்து வீட்டை விற்பது, புத்தளத்தில் கட்டுவது. யாருமே சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நான் ஏதாவது சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கும். வீடு என்னுடையதும் அல்ல. உறுதியில் என் பெயர், பெண்ணின் தகப்பன் என்ற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு ஒரு கடைக்காரர் முன்வந்தார். சுவரை உடைத்துச் சாமான் வைக்கும் களஞ்சியம் கட்டப்போகிறார். கையெழுத்து வைக்க ஹஸ்னா வர வேண்டும். ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தன் பெயரில் இருந்த வீட்டை அவள் முதல் தடவை பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, "குளிரா இருக்கு" என்றாள். நல்லதற்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் என் சாமான்களை இரண்டு உரப்பையில் கட்டி வைத்திருந்தேன். அதையும் பார்த்தாள். இரவு சாப்பிடும்போது, பக்கத்து அக்கா ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வியை அவளிடம் சொன்னேன்.

காலையில் எனக்கு முன்னே எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இரண்டு வாளிகளும் முட்டிய சத்தம் கேட்டது. பிறகு வழக்கமான குரல்.

"நானா, எப்ப போறியள்?"

ஹஸ்னா பயந்துபோய்ப் பாதி இழுத்த கயிற்றை விட்டுவிட்டாள் போலும். வாளி கல்லில் அடிபட்டது. 

"நானா இல்லை" என்றாள் ஹஸ்னா. "மகள்."

"ஆர், உறுதியிலை இருக்கிற பிள்ளையோ?"

"ஓம். உங்களிட்ட ஒண்டு கேட்கணும். வாப்பாட்ட ஏன் ஒவ்வொரு நாளும் எப்ப போறீங்கன்னு கேட்கிறீங்க? இது எங்கட வீடு. நாங்க ஏன் போகணும்?"

நான் கோப்பையைக் கழுவுவதை நிறுத்தினேன். மூன்று வருடம் நான் "போவோம் அக்கா" என்று சொல்லி வந்த இடம் அது.

மறுபக்கத்தில் அக்கா வாளியைக் கட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. "ஐயோ பிள்ளை, போகச் சொல்லியோ கேட்கிறன்? எனக்குக் கால் ஏலாது. உம்மடை வாப்பா புத்தளம் போற நாளிலை உந்தப் பக்கத்திலை ஒரு சத்தமும் இல்லை. நான் வழுக்கி விழுந்தாலும் கூப்பிட ஆளில்லை. அதாலை அவர் போறதுக்கு முதல் நாளே கூட ரெண்டு வாளி அள்ளி வைச்சிடுவன். எப்ப போறார் எண்டு தெரிஞ்சால்தானே அள்ளலாம். அந்த மனிசன் ஒரு நாளும் நாள் சொல்றேல்லை. 'போவம் அக்கா, போவம் அக்கா' எண்டுகொண்டு நிக்கிறார். நான் தினமும் கூட அள்ளி, வீட்டிலை அண்டா முழுக்கத் தண்ணி."

ஹஸ்னா சிரித்தாள். கிணற்றுக்குள் குனிந்து சிரித்ததால் அது இரண்டு பக்கமும் கேட்டது. "வாப்பா அப்பிடித்தான். இந்தக் கிணத்தில அவர் சின்ன வயசில தண்ணி அள்ளினவர், அதையாவது சொன்னாரா?"

"இந்தக் கிணத்திலையோ?"

"ஓம். போகச் சொன்ன நாள் வாளியை இதில வச்சிட்டு ஓடினவர். மற்ற வீடுகளில உம்மம்மாமாரெல்லாம் விட்டுட்டு வந்த வீட்டைப் பற்றிக் கதைப்பாங்க. எங்கட வீட்டில வாளியைப் பற்றித்தான்."

 பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். நானா என்று கூப்பிடவில்லை.

"தம்பி, உள்ளுக்கை நிண்டு கேட்டுக்கொண்டுதானே நிக்கிறீர்? இஞ்சை வாரும்."

நான் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போனேன்.

"உதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? நான் உமக்குத் தண்ணி அள்ளப் பழக்கினனான். விசரி மாதிரி."

"கேட்கேல்லைத்தானே அக்கா" என்றேன்.

"நாங்கள் வந்து கிணறு இறைச்சுச் சேறு எடுக்கேக்கை ஏழு வாளி வந்தது. எல்லாம் நசிஞ்சு போய். அலுமினியமும் இருந்தது."

"எங்க வச்சீங்க?" என்று ஹஸ்னா மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்க முயன்றாள். எட்டவில்லை.

"எங்கை வைக்கிறது? பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தம்" என்றார் அக்கா.

 தொழிலில் அது சரியான காரியம்.

பத்து மணிக்கு நொத்தாரிசிடம் போக வேண்டும். ஹஸ்னா வெளிக்கிடவில்லை. உரப்பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விக்க வேணாம் வாப்பா."

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சு."

"தொண்ணூறில உங்களைப் போகச் சொன்னாங்க, போனீங்க. இப்ப ஒருத்தரும் போகச் சொல்லல. நான் ஏன் கையெழுத்து வச்சிட்டுப் போகணும்?"

"அப்ப நீ இங்க வந்து இருப்பியா?"

அவள் என்னை ஒரு புதினமாகப் பார்த்தாள். "நான் எதுக்கு இங்க இருக்க? இங்க எனக்கு யாரைத் தெரியும், அந்த வாளியைத் தவிர?" என்றாள். பிறகு உரப்பையின் கயிற்றை அவிழ்த்து, என் கேத்தலை வெளியே எடுத்து வைத்தாள். பகல் பஸ்ஸில் புத்தளம் போய்விட்டாள்.

கடைக்காரரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஏசினார், கேட்டுக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை வீட்டில் ஹஸ்னாவே பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மனைவியின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளைக் கூட்டிக் கட்டி, மாப்பிள்ளை அங்கே வந்திருக்கிறார். அவருடைய உம்மா இப்போது கலியாண வீடுகளில், "எங்கட மருமகளுக்கு யாழ்ப்பாண டவுனிலயும் ஒரு வீடு இருக்கு, வெள்ளைக்காரன் படம் எடுக்கிற வீடு" என்று சொல்வதாகக் கேள்வி. கிணற்றைப் பற்றி அவர் சொல்வதில்லை.

ஏழு வாளிகள் வந்த கதையை நான் என் உம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். "அப்ப கயிறு?" என்றார்.

இப்போது நான் மகளின் வீட்டில் இருக்கிறேன். மின்சாரப் பட்டியல் அவள் பெயரில் வருகிறது. தபால்காரர் ஒவ்வொரு தடவையும் "ஹஸ்னா ஆர்?" என்று கேட்கிறார், "வீட்டுக்காரி" என்று சொல்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பிலோமினா அக்கா தன் மகளின் வீட்டில் இருக்கிறார். காலையில் அவர் "எப்ப போறீர் தம்பி?" என்று கேட்டால், நான் இப்போது தெளிவாக நாள் சொல்கிறேன். "வெள்ளிக்கிழமை போய்த் திங்கள் வருவன் அக்கா." அவர் இரண்டு வாளி கூட அள்ளிக்கொள்வார். எனக்குத் தெரிய, வேறு எவரும் நான் இல்லாத நாட்களுக்காக இப்படி ஆயத்தம் செய்வதில்லை.

போன சனிக்கிழமை புத்தளத்தில் விடியற்காலையில் முகம் கழுவப் போனேன். "எப்ப போறீங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டார். "திங்கள்" என்றேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல் வாளிக்குள் விழுந்து நிறைந்தது. வாளி நிறைந்த பிறகும் நான் அதைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தேன், மறுபக்கத்து வாளி இன்னும் இறங்கவில்லை என்பதுபோல.